பலத்த காற்றில் விங் ஃபாயில்: குறை உங்களிடமா, காற்றிடமா?

விங் ஃபாயில் என்பது காற்றடைத்த பாயை (விங்) கையில் பிடித்துக்கொண்டு, அடியில் நீருக்குள் இறக்கை (ஃபாயில்) பொருத்திய போர்டில் நின்று, நீர்ப்பரப்புக்கு மேல் எழும்பி ஓடும் விளையாட்டு. நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். இதுவரை ஒன்பது முறை தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்கள். 15 நாட் காற்றில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர் வேகம்) ஃபாயில் மேல் எழும்பி நூறு மீட்டர் வரை போக முடிகிறது. ஆனால் நீங்கள் போகும் இடத்தில் பெரும்பாலான நாட்கள் 25 நாட் அடிக்கிறது. அதில் இறங்கினால் போர்டில் எழுந்து நிற்பதற்குள்ளேயே விழுந்துவிடுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் கை ஓய்ந்துபோகிறது, கரையேறும்போது 'இது நமக்கு வராது' என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. பலத்த காற்றில் கற்பது எப்படி, ஆர்வம் வற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன: குறை என்னிடமா, காற்றிடமா?

என் பதில், பெரும்பகுதி காற்றிடமும், அந்தக் காற்றுக்கு நீங்கள் எடுத்துப்போகும் சாமான்களிடமும்தான். ஆர்வம் குறைவது அதன் விளைவு. நான் பல வருடம் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய போர்டில் ஓடுவது) செய்தவன். 2019 வாக்கில் காற்றடைத்த விங் பரவலாகக் கடைக்கு வந்தபோது இதற்கு மாறினேன், அதன்பிறகு புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் போர்டில் நிற்பதை நான் பார்க்கவில்லை. கால் வைக்கும் இடம் பிசகியிருந்தால் எழுத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. காற்று தரும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 15 நாட்டிலிருந்து 25 நாட்டுக்குப் போகும்போது வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, ஆனால் அதே விங் இழுக்கும் இழுப்பு சுமார் 2.8 மடங்காகிவிடுகிறது. 15 நாட்டில் நீங்கள் 5 சதுர மீட்டர் விங் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 நாட்டிலும் அதே இழுப்பு வேண்டுமானால் 1.8 சதுர மீட்டர் விங் வேண்டும். யாரும் அவ்வளவு சின்னதை எடுத்துப்போவதில்லை, 3 அல்லது 3.5 தான் வழக்கம். அதாவது சரியான சின்ன விங்கை எடுத்துக்கொண்டு இறங்கினாலும், 15 நாட்டில் பழகியதைப் போல 1.7 முதல் 2 மடங்கு வரை இழுப்பு உங்கள் கையில் இருக்கும். தேர்ந்தவர்கள் அதைச் சமாளிப்பது கை பலத்தால் அல்ல, வேண்டாத இழுப்பை நொடிக்கு நொடி வெளியே விடத் தெரிந்ததால். இன்னொன்று, சராசரி 25 என்றால் இடையிடையே 30, 32 என்று திடீர் வீச்சு வரும். 32 நாட் வீச்சில் இழுப்பு இன்னும் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறும். நீங்கள் விழுவது இந்த வீச்சில்தான் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும்.

'பலத்த காற்றில்தான் சீக்கிரம் வரும்' என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி உண்மை. காற்று கூடினால் போர்டு வேகம் எடுப்பது சுலபம், காலால் பம்ப் செய்ய (போர்டை அழுத்தி அழுத்தி விட) வேண்டியதில்லை, ஃபாயில் தானாகவே எழும்பும். 12 நாட்டில் எழும்பவே முடியாமல் தவிப்பவருக்கு 18 நாட் ஒரு வரம். ஆனால் உங்களுக்கு எழும்புவதில் சிக்கல் இல்லை. எழும்புவதற்கு முன்னால் போர்டில் ஏறி நிற்பதிலும், எழும்பிய பின் அடங்கி நிற்பதிலும்தான் சிக்கல். அந்த இரண்டையும் காற்று கடினமாக்கத்தான் செய்யும்.

ஏறி நிற்பதை எடுத்துக்கொள்வோம். காற்றின் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 22 முதல் 27 நாட் வரை 6. எங்கு பார்த்தாலும் வெண்ணுரை, ஆங்காங்கே நீர்த்திவலை பறக்கும். காற்று தடையின்றி எவ்வளவு தூரம் நீர்மேல் ஓடி வருகிறது என்பதைப் பொறுத்து அலையின் உயரம் மாறும். அதே 25 நாட்டில் ஒரு மணல்திட்டின் மறைவில் தண்ணீர் கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும், திறந்த கடலில் இடுப்பளவு அலை குறுக்கும் நெடுக்கும் புரளும். இரண்டும் ஒரே காற்று, ஆனால் கற்பவருக்கு இரண்டு வேறு உலகம். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் நேரமாக இருந்தால் அலை இன்னும் செங்குத்தாகிவிடும். ஆகவே காற்றைக் குறைக்க முடியாவிட்டாலும் தண்ணீரைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று பாருங்கள். கொஞ்சம் கூடுதலாக நடந்தோ வண்டி ஓட்டியோ போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்தது.

அலையில் ஏறும் முறை இது. விங் காற்று போகும் பக்கம் மிதக்கட்டும், நீங்கள் காற்று வரும் பக்கத்திலிருந்து போர்டில் ஏறி மண்டியிடுங்கள். போர்டு காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். முன் கைப்பிடியைப் பிடித்து விங்கைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அங்கேயே எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். நின்ற இடத்தில் போர்டு தள்ளாடும், ஓடும் போர்டு நிதானமாக இருக்கும், சைக்கிளைப் போலத்தான். மண்டியிட்டபடியே பின்கையை (விங்கின் பின் கைப்பிடியைப் பிடிக்கும் கையை) மெல்ல இழுத்து போர்டை நகர விடுங்கள். பத்து மீட்டர் முட்டியிலேயே ஓடுங்கள். அப்புறம் ஒரு அலை கடந்துபோனதும் அடுத்தது வருவதற்குள் முன்காலை வைத்து, பின்காலை வைத்து எழுங்கள். எழும்போது பார்வை காலில் இருந்தால் விழுவீர்கள், அது எல்லோருக்கும் நடப்பது. தொலைவில் ஒரு புள்ளியைப் பாருங்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது: பின்கை. பயந்தால் மனிதக் கை இறுக்கிப் பிடிக்கும், தன் பக்கம் இழுக்கும். விங்கில் பின்கையை இழுப்பது வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்குவது மாதிரி. வீச்சு வந்ததும் பயந்து இழுக்கிறீர்கள், இழுப்பு கூடுகிறது, இன்னும் பயம், இன்னும் இழுப்பு, கடைசியில் முன்பக்கம் தூக்கி எறியப்படுகிறீர்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். வீச்சு வந்தால் பின்கையை நீட்டி விங்கைத் திறந்துவிட வேண்டும். அது போதாவிட்டால் விங்கைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும், அதோடு போர்டைக் காற்று வரும் திசைக்குச் சற்றே திருப்பினால் வேகமும் அடங்கும். அதுவும் போதாவிட்டால் பின்கையை முழுதாக விட்டுவிட்டு முன் கைப்பிடியை மட்டும் பிடித்தால், விங் கொடி மாதிரி படபடக்குமே தவிர இழுக்காது. இந்த மூன்று படியும் யோசிக்காமல் வர வேண்டும். மூளை யோசித்து முடிப்பதற்குள் வீச்சு உங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

இதைத் தண்ணீரில் பழக வேண்டியதில்லை. 25 நாட் நாளில் போர்டைக் கரையிலேயே வைத்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத மணலில் விங்கை மட்டும் இருபது நிமிடம் பிடித்து நில்லுங்கள். தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், லீஷும் (விங்கை உங்களோடு இணைக்கும் கயிறு) கட்டியிருக்கட்டும். காற்றுக்குக் குறுக்காக நடந்து போய், திரும்பி வாருங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் பின்கையைத் திறங்கள். முன் கைப்பிடியில் மட்டும் பறக்க விட்டு மறுபடி பிடியுங்கள். பார்ப்பவர்களுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். ஒரு மணி நேரத் தண்ணீர்ப் பயிற்சியில் பின்கையைத் திறக்கப் பத்து வாய்ப்பு கிடைத்தால் அதிகம், மீதி நேரம் நீந்துவதிலும் ஏறுவதிலும் போய்விடும். மணலில் இருபது நிமிடத்தில் நூறு வாய்ப்பு. நீங்கள் இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, நீருக்கடியில் இருக்கும் முன் இறக்கை. புதியவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 1800 முதல் 2200 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும். மெதுவான வேகத்திலேயே தூக்கிவிடும் என்பதுதான் அதன் நன்மை. ஆனால் ஃபாயிலின் தூக்கு விசையும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. பலத்த காற்றில் போர்டு சட்டென்று வேகம் எடுக்கும், பெரிய இறக்கை உங்களை விருட்டென்று மேலே தூக்கும், இறக்கை நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வந்து காற்றை விழுங்கும். அந்த நொடியில் தூக்கு விசை அறுந்து போர்டு தடாலென்று விழும். உங்கள் பதிவில் 'குதிரை திமிறுவது மாதிரி' என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான். முன்காலில் எடையைக் கூட்டி போர்டைத் தாழ வைத்திருப்பது ஒரு வழி. வேகம் கூடக் கூட முன்கால் இன்னும் அழுத்த வேண்டும். கொஞ்சம் சின்ன முன் இறக்கைக்கு மாறுவது இன்னொரு வழி. 75 கிலோ எடையுள்ளவருக்கு அந்தக் காற்றில் 1300, 1400 போதுமானதாக இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இறக்கையின் பரப்பு மட்டுமல்ல, அதன் தடிமனும் நீள அகலமும்கூட நடத்தையை மாற்றும், ஒரே பரப்புள்ள இரண்டு இறக்கைகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் கேட்டு ஓட்டிப் பாருங்கள். போர்டையும் இறக்கையையும் இணைக்கும் தண்டான மாஸ்டின் நீளத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. நீளமானது அலையில் கூடுதல் இடம் தரும் என்பார்கள், விழும் உயரமும் கூடும் என்பார்கள். இரண்டும் சரிதான். நான் கற்பவர்களுக்கு 75 சென்டிமீட்டர் பக்கம் சாய்வேன், வேறு நல்ல பயிற்சியாளர் 85 கொடுத்தால் சண்டைக்குப் போக மாட்டேன்.

போர்டைப் பற்றி ஒரு வரி: அதன் கொள்ளளவு லிட்டரில், கிலோவில் உங்கள் எடையை விட 30, 40 கூடுதலாக இருந்தால் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். விங்கில் காற்றை அதிலேயே அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ (காற்றழுத்த) அளவு வரை நிரப்புங்கள். பலர் கை வலிக்கிறதென்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், பலத்த காற்றில் முன்குழாய் (விங்கின் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய்) வளைந்து விங் கட்டுக்குள் நிற்காமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

பாதுகாப்பில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாதவை சில உண்டு. கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றில் இறங்கவே கூடாது, எவ்வளவு அழகான தட்டைத் தண்ணீராக இருந்தாலும். கரைக்கு அருகே அலை இல்லாமல் அது ஆசை காட்டும், இருநூறு மீட்டர் தள்ளிப் போனால் காற்றும் அலையும் வேறாக இருக்கும், திரும்ப வழி இருக்காது. தலைக்கவசமும் மோதல் தாங்கும் மேற்சட்டையும் கட்டாயம். லீஷ் அறுந்து போர்டும் விங்கும் பிரிந்தால் போர்டிடம் போங்கள், மிதக்க அதுதான் துணை. விழும்போது தலைகுப்புறப் பாய வேண்டாம், போர்டிலிருந்து விலகித் தட்டையாக விழுங்கள், ஏனென்றால் கீழே இருக்கும் இறக்கையின் ஓரம் வெட்டும். முன்குழாயின் காற்றை இறக்கி விங்கைச் சுருட்டி, போர்டில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுக் கரை சேர்வதை அமைதியான நாளில் ஒருமுறை செய்து பாருங்கள். அதைச் செய்து பார்த்தவரின் முகத்தில் பயம் குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பயம் குறைந்தால் பின்கை தளரும், பின்கை தளர்ந்தால் விழுவது குறையும்.

இனி ஆர்வம். என் கதையைச் சொல்லிவிடுகிறேன். விங் பிடிக்கத் தொடங்கிய மூன்றாவது மாதம், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் 28 நாட் காற்றில் 5 சதுர மீட்டர் விங்கைக் கையில் கொடுத்து 'இதில் பழகினால் எதிலும் பழகலாம்' என்றார். நம்பினேன். ஒன்றரை மணி நேரம் தண்ணீரோடு மல்லுக்கட்டிவிட்டு வலது தோள்பட்டைத் தசை பிசகிக் கரையேறினேன். ஏழு வாரம் விங்கைத் தொடவில்லை. முதல் மூன்று வாரம் வலியால், மீதி நான்கு வாரம் மனதால். திரும்பிப் போனது 14 நாட் காற்றடித்த ஒரு காலையில். யாரும் இல்லை, அவசரமும் இல்லை. இரண்டாவது முயற்சியிலேயே எழும்பி நீண்ட தூரம் போனேன். அந்த ஏழு வாரத்தில் நான் எதுவும் கற்றிருக்க முடியாது. ஏற்கெனவே கற்றிருந்ததை வெளியே காட்ட அந்தக் காற்று இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் புரிந்தது, முன்னேற்றம் வேறு, முன்னேறுகிறோம் என்ற உணர்வு வேறு என்பது. இரண்டும் எப்போதும் சேர்ந்து நடப்பதில்லை.

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது, கடலுக்குச் சம்பந்தமில்லாதது. பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தபோது உளவியலாளர் ஆலன் பேட்லியும் லாங்மேனும் ஓர் ஆய்வு செய்து 1978ல் வெளியிட்டார்கள். ஒரு குழு தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியது, இன்னொரு குழு தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் பழகியது. செலவழித்த மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள்தான் அதிகம் கற்றார்கள். ஆனால் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான், நாட்கள் இழுத்துக்கொண்டே போனதால். தட்டச்சு வேறு, கடல் வேறு என்பது எனக்குத் தெரியும், அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் உடலால் கற்பதில் இடைவெளி விட்டுப் பழகுவது பெரும்பாலும் உதவும் என்பதற்கும், கற்றது தூக்கத்தில் கெட்டிப்படும் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ஆகவே காற்று வீசும் நாளில் 'கிடைத்த நாளை விடக் கூடாது' என்று மூன்று மணி நேரம் உழைப்பதை நிறுத்துங்கள். 40 நிமிடம் போதும். கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், மற்றவர்களின் பின்கை என்ன செய்கிறது என்று பாருங்கள். தெம்பிருந்தால் இன்னொரு 30 நிமிடம். களைப்பால் மூன்று முறை தொடர்ந்து எழ முடியாமல் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், நேராகக் கரைக்கு வாருங்கள். அதற்கு மேல் நீங்கள் பழகுவது விழுவதை மட்டுமே, காயமும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது.

இன்னொன்று, நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பது. எத்தனை மீட்டர் பறந்தேன் என்று மட்டும் பார்த்தால் பலத்த காற்று நாளெல்லாம் தோல்விதான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறி வையுங்கள். இன்று மண்டியிட்டு ஓடி எழுவது மட்டும். இன்று ஃபாயிலை எழுப்பவே கூடாது, போர்டை நீரோடு ஒட்டி ஓட்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது மட்டும். இந்த இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காற்று தள்ளிக்கொண்டு போய், போர்டைச் சுமந்து மணலில் அரை கிலோமீட்டர் நடந்து வருவதுதான் கற்பவரின் உற்சாகத்தை அதிகம் தின்கிறது. பார்வையைக் காற்று வரும் பக்கம் வைத்து, தோளை அந்தப் பக்கம் திருப்பி, காற்று வரும் பக்க விளிம்பை லேசாக அழுத்தி நீரிலேயே காற்று வரும் திசை நோக்கி ஏறிப் போகப் பழகிவிட்டால் அந்த நடை போய்விடும். மிச்சமாகும் சக்தி முழுவதும் பயிற்சிக்குக் கிடைக்கும். கரையேறியதும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: காற்று எவ்வளவு, எந்த விங், எது நேற்றைவிட மேல். பத்துப் பக்கம் சேர்ந்த பிறகு திருப்பிப் பார்த்தால் உணர்வு மறைத்ததை எழுத்து காட்டும்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், அடுத்த சில வாரத்துக்கு இப்படிச் செய்வேன். பல கரைகளில் காற்று காலையில் மெல்லத் தொடங்கி பிற்பகலில் உச்சத்துக்குப் போகும், நிலம் சூடாவதால் வரும் கடற்காற்று அப்படித்தான். உங்கள் இடமும் அப்படியென்றால் முதல் ஒரு மணி நேரத்தில் இறங்குவேன், காற்று 22 நாட்டைத் தாண்டியதும் கரையேறி மணலில் விங் பழகுவேன். 20 நாட்டில் ஐந்து முயற்சிக்கு நான்கு முறை எழுந்து நிற்க முடிகிறது என்றான பிறகே 25க்குப் போவேன், அதுவும் தட்டையான தண்ணீரில், 3 அல்லது 3.5 விங்கோடு. எத்தனை நாளில் வரும் என்று அடுத்துக் கேட்பீர்கள். எண் சொல்ல எனக்கு மனமில்லை. ஆறே தடவையில் 25 நாட்டைப் பிடித்தவரையும் பார்த்தேன், முப்பது தடவை எடுத்துக்கொண்டு இன்று அவரை விட அழகாக ஓட்டுபவரையும் பார்த்தேன். ஒன்பது தடவையில் 15 நாட்டில் நூறு மீட்டர் போகிறவர் பின்தங்கியவர் இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் எடை, 25 நாட்டில் எடுத்துப்போன விங்கின் அளவு, முன் இறக்கையின் பரப்பு மூன்றையும் எழுதுங்கள். விழும்போது முன்பக்கம் போகிறீர்களா பின்பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பக்கம் என்றால் முதலில் பின்கையைப் பார்ப்போம், பின்பக்கம் என்றால் கால் வைக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.